காலி ரோடும் கடும் ஏற்றமும்

புனேக்கு மாற்றலாகி வரும் நம்மவர்களில் சைக்கிள் பைத்தியம் பிடித்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "வண்டித் தொல்லை இல்லாம, நல்லா மூச்சு வாங்குற மாதிரி ஒரு மேடு எங்க சார் இருக்கு?"

நியாயமான கேள்விதான். சென்னையில் இருந்தவரை ஏற்றம் என்றால் மேம்பாலம். ஈசிஆரில் எதிர்காற்றைத்தான் மலையாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசிகளையும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிகளையும் பார்த்து வளர்ந்த சேலம், நாமக்கல் ஆசாமிகளுக்கு வேறு மாதிரி ஏக்கம். இரண்டு கட்சிக்கும் புனே நல்ல ஊர். நகரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, சுற்றிலும் சஹ்யாத்ரி. எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஒரு 'காட்' வந்துவிடும்.

கேட்டவுடன் எல்லோரும் ஒரு பட்டியலை ஒப்பிப்பார்கள். நானும் ஒப்பித்துவிடுகிறேன், அப்புறம் என் கட்சியைச் சொல்கிறேன்.

முதலில் சிங்ககட். தானாஜி மாலுசரே 1670-ல் உயிரைக் கொடுத்துப் பிடித்த கோட்டை. உச்சி 1,312 மீட்டர். அடிவாரத்திலிருந்து வண்டி நிறுத்துமிடம் வரை சுமார் 9 கி.மீ., ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். சில வளைவுகளில் முன்சக்கரம் தூக்கும். மேலே போனால் பிட்லா-பாக்ரி, வெங்காய பஜ்ஜி, மண்சட்டித் தயிர். புனே சைக்கிள்காரனுக்கு இதுதான் பழனி மலை. ஆனால் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல் அங்கே போனால், நீங்கள் மிதிப்பது கார்களின் சைலன்சருக்குப் பின்னால். போகும் வழியில் கடக்வாஸ்லா அணைக் கூட்டம் தனி.

அடுத்தது போப்தேவ் காட். கோண்ட்வாவிலிருந்து சாஸ்வட் போகிற வழி. நீளம் குறைவு, சரிவு அதிகம். அலுவலக நேரத்தில் டூவீலர்கள் சாரை சாரையாக வரும்.

திவே காட் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆஷாட ஏகாதசிக்காக ஞானேஸ்வரர் பல்லக்கு பந்தர்பூர் போகும்போது லட்சக்கணக்கான வார்கரிகள் நடந்து ஏறுகிற பாதை. பார்க்கக் கண் கோடி வேண்டும். மற்ற நாட்களில் லாரிகள். சைக்கிளுக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

காத்ரஜ் பழைய காட் கொஞ்சம் தேவலை. பைபாஸில் புதிய சுரங்கம் வந்தபிறகு கனரக வாகனங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டன. இதிலிருந்து ஒரு பொது விதியே எடுக்கலாம்: எந்த ஊருக்குப் போனாலும் புதிய நெடுஞ்சாலை எந்தப் பழைய மலைப்பாதையை ஓய்வுபெற வைத்தது என்று விசாரியுங்கள். சைக்கிளுக்கான ரோடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கடைசியாக தெம்கர் அணை தாண்டி லவாசா ஏற்றம். கடுமையானது, அழகானது. தூரம் அதிகம் என்பதால் ஒரு முழுக் காலைப்பொழுதைத் தின்றுவிடும். வார இறுதியில் பைக் வீரர்கள் வளைவுகளில் ரேஸ் விடுவார்கள்.

பட்டியல் முடிந்தது. இப்போது என் கட்சி. கேள்வியே சரியில்லை என்பேன். கடினமான மேடு, வண்டி இல்லாத ரோடு என்று இரண்டையும் ஒரே 'இடமாக' தேடுகிறோம். கடினம் என்பது நாம் எத்தனை முறை ஏறுகிறோம் என்பதில் இருக்கிறது. வண்டி இல்லாதது நாம் போகும் நேரத்தில் இருக்கிறது.

கொஞ்சம் கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். 7 சதவீத சரிவில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏற கிட்டத்தட்ட 145 வாட் வேண்டும். அதில் சுமார் 130 வாட் புவியீர்ப்புக்கே போய்விடும். காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் மீதி சில்லறை. அதாவது உங்கள் உழைப்பில் பத்தில் ஒன்பது பங்கு உயரத்துக்காகத்தான். அந்த உயரம் சிவாஜி மகாராஜாவின் கோட்டையில் இருக்கிறதா, உங்கள் காலனிக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் இருக்கிறதா என்று உங்கள் தொடைக்குத் தெரியாது.

60 மீட்டர் உயரும் ஒரு மேட்டை பத்து முறை ஏறினால் 600 மீட்டர். சிங்ககட் ஆச்சு. உலகம் முழுக்க 'எவரெஸ்டிங்' என்று ஒரு கிறுக்குத்தனம் செய்கிறார்கள், 8,848 மீட்டர் சேரும்வரை ஒரே மேட்டில் ஏறி இறங்குவது. நம் 60 மீட்டர் மேட்டில் அது 148 தடவை. அவ்வளவு வேண்டாம் :-) புதன்கிழமை காலை ஆறு தடவை போதும். ஏழு கிலோமீட்டருக்குள் வீடு, எட்டரைக்குக் குளித்து முடித்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடலாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். குட்டி மேட்டில் ஒவ்வொரு இறக்கத்திலும் கால் ஓய்வெடுத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் விடாமல் ஏறுகிற மனோபலம் அதில் வராது. உண்மை. அதற்காக மாதம் ஒருமுறை சிங்ககட் போங்கள். மீதி நாட்களுக்குத் தெருமுனை மேடு.

இன்னொன்று, கியர். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருந்தால் நிமிடத்துக்கு 60 முறை மிதித்து 8 கி.மீ. வேகத்தில் போகலாம். அதே வேகத்தை 39-க்கு 25 வைத்துக்கொண்டு ஏறினால் நிமிடத்துக்கு நாற்பது மிதிதான் வரும், ஒவ்வொரு மிதியும் முட்டியைக் கேட்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கடையில் கேசட்டைப் பெரிதாக்கச் சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அடுத்து நேரம். நம்மவர்கள் ஊர்ப் பழக்கத்தில் அஞ்சு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். சென்னைக்கு மேற்கே ஆறு டிகிரிக்கு மேல் தள்ளி வந்திருக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. ஜனவரியில் அங்கே ஆறரைக்கெல்லாம் விடிந்துவிடும், இங்கே ஏழு தாண்டும். அஞ்சு மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரம் இருட்டில்தான். காலி ரோடு வேண்டும் என்று இருட்டை வாங்கிக்கொள்வது லாபமில்லாத வியாபாரம். இருட்டில் ஏறுவதாவது பரவாயில்லை, எட்டு கி.மீ. வேகத்தில் என்ன ஆகிவிடும். இறங்கும்போது வளைவில் கிடக்கும் மண்ணும், ஓரத்தில் படுத்திருக்கும் எருமையும் நாற்பது கி.மீ. வேகத்தில்தான் தெரியும். வார நாளில் விடிந்த பிறகு முதல் ஒன்றரை மணி நேரம், அதுதான் நல்ல நேரம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 'வண்டியே இல்லாத ரோடு' என்று நாம் ஆசையாகச் சொல்கிறோம். 'நாம்' என்றால் ஆண்கள். 2024 அக்டோபரில் போப்தேவ் காட்டில் இரவு நேரத்தில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கூட்டு வன்கொடுமையை இந்த ஊர்ப் பெண்கள் மறக்கவில்லை. என் மனைவியும் அவள் தோழிகளும் மேடு தேடும்போது முதலில் பார்ப்பது சரிவை அல்ல. டீக்கடை இருக்கிறதா, வாட்ச்மேன் இருக்கிறாரா, காலை நடைக்கு வரும் ஆஜி-ஆஜோபாக்கள் இருக்கிறார்களா என்றுதான். அவர்களுக்குக் காலி ரோடு என்பது நல்ல ரோடு இல்லை. கார் குறைவாகவும் ஆள் நிறையவும் இருப்பதுதான் நல்ல ரோடு. யோசித்துப் பார்த்தால் நமக்கும் அதுதான் நல்லது. விழுந்து கிடந்தால் தூக்கிவிட ஆள் வேண்டாமா?

அப்படிப்பட்ட ரோடு தானாக முளைக்காது. ஊர் கொடுக்க வேண்டும். முடியாத காரியமா என்ன? 2022 மே மாதம் சிங்ககட் பாதையில் தனியார் வாகனங்களை நிறுத்திவிட்டு மின்சார பஸ் விட்டுப் பார்த்தார்கள். பஸ்களில் சிக்கல் வந்து அந்த மாதமே திட்டம் நின்றுபோனது. ஆனால் காரை நிறுத்த முடியும் என்று நிரூபணமாகிவிட்டது அல்லவா? அதே 2022-ல் மும்பை போலீஸ் ஞாயிறு காலைகளில் மெரைன் டிரைவ் போன்ற சாலைகளை மக்களுக்குத் திறந்துவிட்டது. 2026 ஜனவரியில் புனே கிராண்ட் டூர் பந்தயத்துக்காக இந்த மாவட்டத்துச் சாலைகளை மூடி, வெளிநாட்டு வீரர்களை நம் காட்களில் ஓடவிட்டார்கள். வீரர்களுக்காக நாள் கணக்கில் மூட முடிந்தால், ஊர்க்காரர்களுக்காக ஞாயிறு காலை விடிந்ததிலிருந்து எட்டரை வரை சிங்ககட் பாதையில் கார் ஏறாமல் பார்த்துக்கொள்ள முடியாதா? அடிவாரத்தில் வனத்துறை சோதனைச் சாவடி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு தடுப்புக் கம்பும் ஒரு போர்டும்தான் கூடுதல் செலவு. மேலே தயிர் விற்கும் அம்மாக்களுக்கும் நஷ்டமில்லை. காரில் வருகிறவன் ஒன்பதுக்கு வருவான், நாங்கள் ஏழரைக்கே பசியோடு வந்துவிடுவோம்.

அதோடு நகருக்குள் இருக்கும் குன்றுகள். இங்கே 'டேக்டி' என்பார்கள். 800 மீட்டர் உயர வேதாள் டேக்டிதான் ஊருக்குள் பெரியது. ஏஆர்ஏஐ வளாகத்துக்கு ஏறும் ரோடு வாரநாள் பயிற்சிக்கு அருமை. அந்தக் குன்றைத் தொட்டுப் போகும் பால்பாரதி-பௌட் பாட்டா சாலைத் திட்டத்தை எதிர்த்து 2023-ல் மக்கள் ஊர்வலம் போனார்கள். நம்மவர்களில் பலருக்கு அது 'மராட்டிக்காரர்கள் விஷயம்'. அப்படி இல்லை. வாடகைக்கு இருந்தாலும் சுவாசிப்பது இந்த ஊர்க் காற்றைத்தான். மேடு போனால் நமக்கும் போச்சு.

ஆகவே அடுத்தமுறை யாராவது மேடு எங்கே என்று கேட்டால் நான் சொல்லப்போகும் பதில் இதுதான். வீட்டிலிருந்து அரை மணிக்குள் இருக்கிற, காலையில் மனுஷ நடமாட்டம் இருக்கிற ஏதாவது ஒரு மேட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்துமுறை ஏறுங்கள். பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். குன்றைக் காப்பாற்ற உள்ளூர்க்காரர்கள் கூடும்போது, மராட்டி சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, போய் ஓர் ஓரமாக நில்லுங்கள். தலை எண்ணும்போது நம் தலையும் கணக்கில் வரட்டும்.