பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

இணையப் பக்கத்தில் உள்ள ஒரு பட்டியலை எக்ஸெல் ஷீட்டுக்குக் கொண்டு வர முயன்றவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு எரிச்சலூட்டும் வேலை என்று. காய்கறி விலையோ, மியூச்சுவல் பண்ட் நிலவரமோ, எதுவாக இருந்தாலும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, பேஸ்ட் செய்தால் பாதி நேரம் வரிசை கலைந்துதான் வந்து விழும். ஒரு நாள் என்றால் சரி செய்து கொள்ளலாம். தினமும் என்றால்?

இதற்கு உதவும் இலவச சாப்ட்வேர்களில் ஒன்று நைம். ஆங்கிலத்தில் கே என்ற எழுத்தில் பெயர் தொடங்கினாலும் உச்சரிப்பு நைம்தான். ஜெர்மனியில் உள்ள கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் 2004ல் இதற்கான வேலை தொடங்கியது. முதல் பதிப்பு 2006ல் வெளியானது. புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. திரையில் சிறு சிறு பெட்டிகளை வைத்துக் கோடு போட்டு இணைத்தால் போதும். இந்தப் பெட்டிகளுக்கு நோட் என்று பெயர். ஒரு நோட் இணையப் பக்கத்தை எடுத்து வரும். அடுத்தது வேண்டிய பகுதியைப் பிரிக்கும். அதற்கு அடுத்தது எக்ஸெல் பைலாக எழுதும். ஒவ்வொரு நோட்டின் கீழும் டிராபிக் சிக்னல் போல விளக்கு இருக்கும். சிவப்பு என்றால் செட்டிங்ஸ் முடியவில்லை. மஞ்சள் என்றால் தயார். பச்சை என்றால் வேலை முடிந்தது.

இந்தப் பச்சை விளக்கைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. புதியவர்கள் அதற்கு, அது சொல்லாத ஒரு பொருளையும் சேர்த்துக் கொடுத்து விடுகிறார்கள்.

முதலில் உள்ளே நடப்பது என்ன என்று பார்ப்போம். இணையப் பக்கங்கள் எச்.டி.எம்.எல். மொழியில் எழுதப்படுகின்றன. பத்தி இங்கே தொடங்குகிறது, அட்டவணை இங்கே முடிகிறது என்று சொல்லும் அடையாளங்கள்தான் டேக்குகள். எழுதுபவர் ஒரு டேக்கைத் திறந்து மூட மறந்தாலும் பிரவுசர் கோபித்துக் கொள்ளாது. தானாகவே ஊகித்துப் பக்கத்தைக் காட்டிவிடும். ஆனால் தகவலைப் பிரித்தெடுக்கும் நோட்டுகள் எதிர்பார்ப்பது எக்ஸ்.எம்.எல். என்னும் கண்டிப்பான அமைப்பை. அங்கே ஒரு டேக் மூடப்படாவிட்டாலும் வேலை நின்றுவிடும். எனவே எச்.டி.எம்.எல். பக்கத்தை முதலில் எக்ஸ்.எச்.டி.எம்.எல். ஆக மாற்ற வேண்டும். டேக் பெயர்கள் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும், திறந்தவை எல்லாம் மூடப்பட வேண்டும், மதிப்புகள் மேற்கோள் குறிக்குள் வர வேண்டும், & என்ற குறியைத் தனியாக அப்படியே விடக் கூடாது. இவைதான் முக்கிய விதிகள். நைமில் வெப்பேஜ் ரிட்ரீவர் என்ற நோட் பக்கத்தை எடுத்து வரும்போதே இந்த மாற்றத்தைச் செய்து தருகிறது.

எக்ஸ்.எச்.டி.எம்.எல். செத்துப் போன விஷயம் ஆயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை. டபிள்யூ3சி அமைப்பு இதன் 1.0 பதிப்பை 2000 ஜனவரியில் வெளியிட்டபோது, இனி எல்லாப் பக்கங்களும் இப்படித்தான் எழுதப்படும் என்று பலர் நம்பினார்கள். நடக்கவில்லை. இரண்டாம் பதிப்பை உருவாக்கிய குழுவின் பணி 2009 இறுதியோடு முடிக்கப்பட்டது. 2014ல் எச்.டி.எம்.எல். 5 முறைப்படி வெளியானது. ஒரு டேக் விடுபட்டதற்காகப் படிப்பவருக்குப் பக்கத்தையே காட்ட மறுப்பது நியாயமில்லை. ஆகவே பிரவுசர் பக்கத்தில் இது தோற்றது சரி என்றே நான் சொல்வேன். ஆனால் தகவலை எடுத்துக் கணக்குப் போடும் இடத்தில் கண்டிப்பு தேவை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்ளக் கூடாது.

இனி பச்சை விளக்குக்கு வருவோம். மாற்றித் தரும் நோட், விடுபட்டதை எல்லாம் ஊகித்து நிரப்புகிறது. ஊகித்ததை உங்களிடம் சொல்வதில்லை. ஓர் அட்டவணையில், ஒரு விலை மட்டும் கட்டத்துக்கான டேக் இல்லாமல் வரிசைக்குள் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். எச்.டி.எம்.எல். 5 விதிப்படி அந்த விலை அட்டவணைக்கு வெளியே, அதற்கு முன்னால் கொண்டு போய் வைக்கப்படும். பிரவுசரில் பார்த்தால் ஓர் எண் மேலே தனியாக நிற்பது கண்ணில் பட்டுவிடும். கட்டங்களை மட்டும் படிக்கும் நோட்டுக்கோ அப்படி ஒரு விலை இருந்ததே தெரியாது. விளக்கு என்னவோ பச்சைதான்.

பக்கத்தில் தவறே இல்லாவிட்டாலும் இது நடக்கும். ஒரே தேதிக்கு மூன்று பொருட்களின் விலை என்றால், தேதிக் கட்டத்தை மூன்று வரிசைக்கும் பொதுவாக ஒன்றாகச் சேர்த்து எழுதுவார்கள். முற்றிலும் சரியான எக்ஸ்.எச்.டி.எம்.எல். இது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது வரிசைகளில் ஒரு கட்டம் குறைவு. "இரண்டாவது கட்டம் பொருளின் பெயர்" என்று நீங்கள் அமைத்திருந்தால், அந்த இரு வரிசைகளிலும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் விலை வந்து உட்கார்ந்துவிடும். இதை வைத்து வீட்டுக் கணக்கோ, கடைக் கணக்கோ போடுபவர் என்ன ஆவார்?

அதனால் பிரவுசரில் தெரியும் வரிசைகளை ஒரு முறையாவது எண்ணுங்கள். கிடைத்த வரிசைகளோடு ஒப்பிடுங்கள். பக்கத்தின் அடியில் மொத்தம் கொடுத்திருந்தால் நீங்களும் கூட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

நீங்கள் சேமித்து வைத்த பைல்கள் என்றால் டைடி என்ற இலவச புரோகிராமையும் முயன்று பாருங்கள். டபிள்யூ3சியில் பணியாற்றிய டேவ் ராகெட் எழுதியது. பார்ப்பதற்கு அழகில்லை, கட்டளையை டைப் செய்துதான் இயக்க வேண்டும். ஆனாலும் எனக்கு இதன் மேல் தனி மதிப்பு. எந்த வரியில் எதைத் திருத்தினேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். தன்னால் ஊகிக்க முடியாத பிழை இருந்தால், நீங்கள் கட்டாயப்படுத்தினால் ஒழிய பைலைத் தர மறுத்துவிடும். வேர்டில் இருந்து வெப் பேஜ் ஆகச் சேமித்த பைல்களில் மண்டிக் கிடக்கும் தேவையற்ற டேக்குகளை நீக்கவும் இதில் வசதி உண்டு.

நைமில் புதியவர்களைத் திணறடிக்கும் இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பக்கம் மாறிவிட்டது, எக்ஸ்பாத் நோட்டில் பத்திக்கான பெயரைச் சரியாகக் கொடுத்தீர்கள், ஆனால் முடிவு காலி. காரணம், மாற்றப்பட்ட பக்கத்தின் டேக்குகள் எல்லாம் எக்ஸ்.எச்.டி.எம்.எல். என்ற குடும்பப் பெயரோடு வருகின்றன. டேக் பெயருக்கு முன்னால் டி.என்.எஸ். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் ஒரு முக்காற்புள்ளியையும் சேர்த்தால் கிடைத்துவிடும். இன்னொன்று, அட்டவணைக்கும் வரிசைக்கும் நடுவே டிபாடி என்ற டேக் தானாகச் செருகப்பட்டிருக்கும். மூலப் பக்கத்தில் அது இல்லையே என்று தேடிக் கொண்டிருக்காதீர்கள்.

டபிள்யூ3சியின் சோதனையில் ஒரு பிழை கூட வரக் கூடாது என்று பிறர் எழுதிய பக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தகவலை எடுக்க டேக்குகள் ஒழுங்காகத் திறந்து மூடியிருந்தால் போதும். நீங்களே இபப் வகை மின்நூல் தயாரிப்பதானால் கதை வேறு. அதற்குள் இருக்கும் பக்கங்கள் எக்ஸ்.எச்.டி.எம்.எல். ஆகத்தான் இருக்க வேண்டும்.

தமிழ்ப் பக்கங்களில் கூடுதலாக ஒரு சிக்கல். யுனிகோட் பரவுவதற்கு முன் எழுதப்பட்ட பழைய பக்கங்களை மாற்றினால் டேக்குகள் ஒழுங்காகிவிடும், எழுத்து புரியாத குறிகளாகவே நிற்கும். விளக்கு அப்போதும் பச்சைதான். டிஸ்கி முறையில் உள்ள பக்கம் என்றால் கவலை குறைவு. அதில் ஆங்கில எழுத்துகள் தம் இடத்திலேயே இருப்பதால், முழுப் பைலையும் முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பிறகு நைமுக்குக் கொடுக்கலாம். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழைப் பொருத்தியவை. முழுப் பைலையும் மாற்றினால் டேக் பெயர்களும் தமிழ் எழுத்தாகிப் பக்கமே பாழாகும். இவற்றுக்கு முதலில் எக்ஸ்.எச்.டி.எம்.எல்., அதில் இருந்து பிரித்தெடுத்த எழுத்துப் பகுதிக்கு மட்டும் யுனிகோட் என்ற வரிசையில் செய்யுங்கள். எப்படிச் செய்தாலும் மூலப் பைலின் ஒரு காப்பியைத் தனி போல்டரில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.