மூன்று மாதக் குழந்தைக்குத் தனி அறை எதற்கு?

“மூன்று மாதம் ஆகிவிட்டது, ராத்திரி எழுவதே இல்லை, இனித் தனி அறையில் விடலாம்.” அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இளம் பெற்றோரிடையே புழங்கும் இந்த யோசனை, அங்கே குடியேறிய நம்மவர் வீடுகளிலும் கேட்கிறது. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன பாட்டி “பச்சப்புள்ளயத் தனியாவா?” என்று பதறினால், அது பழங்காலத்துப் பயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் மருத்துவமும் பாட்டியின் பக்கம்தான் நிற்கிறது. குறைந்தது முதல் 6 மாதம் பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனித் தொட்டிலில் தூங்க வைக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022 வழிகாட்டுதல். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை சொல்வதும் அதே 6 மாதம்தான். தனி அறைக்காகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தனி அறையில் நன்றாகத் தூங்கும்.

2017இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வை இதற்குச் சான்று காட்டுகிறார்கள். சீக்கிரமே தனியே படுத்த குழந்தைகள் 9 மாத வயதில் இரவுக்கு 40 நிமிடம் கூடுதலாகத் தூங்கியது உண்மை. ஆனால் 4 மாத வயதில் மொத்த இரவுத் தூக்கம் இரு தரப்புக்கும் ஏறத்தாழ ஒன்றே. இடையில் எழாமல் தூங்கும் நேரம் மட்டும் கூடியிருந்தது. அது பெற்றோருக்கு நிம்மதி, சரி. குழந்தைக்கோ, மூச்சுக்கு இடைஞ்சல் வந்தால் சட்டென்று விழித்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அசைக்க முடியாத தூக்கம் இந்த வயதில் பெருமைப்பட வேண்டிய விஷயமே அல்ல.

2. ராத்திரி எழாத குழந்தை தயாராகிவிட்டது.

காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே நேரும் திடீர் சிசு மரணம், 1 முதல் 4 மாதத்துக்குள்தான் மிக அதிகம். இத்தகைய மரணங்களில் சுமார் 90 சதவீதம் 6 மாதத்துக்குள் நடந்துவிடுகின்றன. அப்படியானால், மூன்றாம் மாதத்தில் அறை மாற்றுவது, ஆபத்து உச்சத்தில் இருக்கும்போது மாற்றுவதாகும். குழந்தையின் வயதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், தூங்கும் நேரத்தைப் பார்த்து அல்ல.

3. மல்லாக்கப் படுக்க வைக்கிறோமே, போதாதா?

மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லும் இயக்கம் பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் தொடங்கியது. அதன்பின் இம்மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. ஆனாலும் முற்றாக நிற்கவில்லை. நியூசிலாந்து, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆய்வுகள், பெற்றோரின் அறையில் தூங்கிய குழந்தைகளுக்கு ஆபத்து குறைவு என்று கண்டன. ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்பதற்காக இன்னொன்றை ஏன் விட வேண்டும்?

4. கேமரா இருக்கிறது.

கேமரா அழுகையைக் கேட்கச் செய்யும். திடீர் மரணமோ சத்தமின்றி வருவது. திரையில் அசையாத குழந்தை, அயர்ந்து தூங்கும் குழந்தையைப் போலவே தெரியும். நாடித்துடிப்பு பார்க்கும் காலுறை போன்ற வீட்டுக் கருவிகளை இம்மரணத்தைத் தடுக்கும் வழியாக நம்ப வேண்டாம் என்கிறது அதே மருத்துவக் கழகம்.

5. ஒரே அறையில் இருந்தால் பெற்றோர் படுக்கைக்கே வந்துவிடும்.

இதுதான் வலுவான வாதம். 2017 ஆய்விலும், அறையைப் பகிர்ந்த குழந்தைகள் நடுராத்திரியில் பெற்றோர் படுக்கைக்கு மாற்றப்படுவது சுமார் நான்கு மடங்கு அதிகம். தலையணையும் போர்வையும் கிடக்கும் பெரியவர் படுக்கை பச்சிளம் குழந்தைக்கு ஆபத்தானது. பாட்டியும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஒரே அறை என்றால் ஒரே படுக்கை அல்ல. ஆனால் தனி அறையில் மட்டும் என்ன நடக்கும்? தூக்கக் கலக்கத்தோடு எழுந்துபோன தாய், பால் கொடுத்தபடி அங்குள்ள சோபாவிலேயே கண்ணயரலாம். குழந்தையோடு சோபாவில் தூங்குவது படுக்கையைவிடவும் ஆபத்து. தொட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், பால் குடித்ததும் திரும்பக் கிடத்துவது எளிது.

அப்படியானால் எப்போதுதான் மாற்றுவது? அமெரிக்கக் கழகத்தின் 2016 வழிகாட்டுதல், முடிந்தால் ஓராண்டு வரை சேர்ந்தே இருக்கச் சொன்னது. 2022இல் அந்த ஓராண்டு கைவிடப்பட்டது. ஆகவே 6 மாதத்துக்குப் பின் தனி அறையா என்பது அந்தந்தக் குடும்பத்தின் விருப்பம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். எந்த அறையானாலும் மெத்தை சமதளமாக, அழுத்தமாக இருக்கட்டும். தலையணை, பொம்மை, கனத்த போர்வை எதுவும் தொட்டிலில் வேண்டாம். வீட்டில் யாரும் புகைக்கக் கூடாது.