பரண் மேல் தூங்கும் கிதார்

இரும்பையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தாயார் சிறுமியாக இருந்தபோது, கல்கத்தாவில் ஸ்டீல் கிதார் கற்றுக்கொண்டாராம். கல்யாணமானதும் வாத்தியம் பரண் ஏறிவிட்டது. இப்போது இறக்கிப் பார்த்தால் முறுக்காணியெல்லாம் துரு. மேல் பூச்சு மங்கல். பழைய சாமான்காரர் எடைக்குக் கேட்கிறார். "தேய்த்துப் புதிதாக்குவதா, போட்டுவிடுவதா?" என்பது கேள்வி.

ஊரின் பெயரே இரும்பை! வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். கிழக்கே சில மைல் போனால் கடல். அந்த உப்புக் காற்று, இரும்பை - ஊரைச் சொல்லவில்லை, உலோகத்தைச் சொல்கிறேன் - சும்மா விடுமா?

ஆனால் எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள், சகோதரி. இந்த வாத்தியத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1880-களின் இறுதியில் ஹவாயித் தீவில் ஜோசப் கெகூகூ என்ற பள்ளிச் சிறுவன், கிதார் தந்தியை விரலால் அழுத்தாமல் அதன்மேல் உருக்குத் துண்டை வழுக்கவிட்டு வாசிக்கப் பழகினான் என்பார்கள். 1940-களில் டௌ மோ என்ற கலைஞர் குடும்பத்துடன் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். அந்த நகரத்துக்கே ஹவாயி கிதார் மோகம் பிடித்தது. பிறகு விசுவ மோகன் பட் அதை இந்துஸ்தானி இசைக்கு ஏற்றபடி மாற்றியமைத்து, 1994-ல் கிராமி பரிசும் வாங்கினார். நமக்கும் இது அந்நியமல்ல. கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டையை வழுக்கவிட்டுக் கமகம் பேசவைக்கிறோமே, அதற்கு இது ஒன்றுவிட்ட தங்கை!

இனி வேலைக்கு வருவோம். திருப்புளியை எடுக்குமுன் கைப்பேசியை எடுங்கள். நாலு பக்கமும், பிறகு ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும்போதும், படம் பிடித்துக்கொள்ளுங்கள். தந்திகளை ஒரேயடியாக அறுக்காமல், ஆறையும் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். மெல்லிய வர்ணத் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். மரத்தை, நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் ஒரு முறை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஸ்பிரிட் கூடாது, அரக்குப் பூச்சாக இருந்தால் அதிலேயே கரைந்துவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். நாளாவட்டத்தில் சிக்குப் பிடித்து நாறும்.

அடுத்தது துரு. நம் கை உடனே புளிக்கும் சாம்பலுக்கும் போகும். அதெல்லாம் பித்தளைக் குடத்துக்குச் சரி. இங்கே இருப்பது மெல்லிய நிக்கல் முலாம். புளி அதை அரிக்கும், சாம்பல் கீறும். முறுக்காணியின் பல் சக்கரத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். மறுநாள் மெதுவாகத் திருப்புங்கள். இறுகிப்போன திருகாணிக்கும் அதே வைத்தியம்தான். முரண்டு பிடித்தால் மறுபடி எண்ணெய், பலாத்காரம் வேண்டாம்.

பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். மின்சார கிதாரானால், தந்திகளுக்கு அடியில் உள்ள பிக்கப்பில் காந்தம் இருக்கும். நாரின் பொடியெல்லாம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள் தலைமயிரைவிட மெல்லியது. அதைத் தொடவே வேண்டாம். கூடவே பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தால், அதைத் திறக்கவும் வேண்டாம், பிளக்கில் செருகிப் பார்க்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். அது கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை. மரத்தில் வெடிப்பு இருந்தால் அதையும் வாத்தியம் செய்பவரிடமே காட்டுங்கள்.

மேல் பூச்சின் மங்கலையும் சிறு கீறல்களையும் அப்படியே விட்டுவிடுங்கள். புது வார்னிஷ் அடித்தால் பளபளக்கும். ஆனால் பழைய கருவியின் மதிப்பு அதனாலேயே குறைந்துவிடும். உங்கள் ஊர் மாகாளேசுவரர் கோயிலுக்கு நீங்கள் போகாமல் இருப்பீர்களா? சம்பந்தர் பாடிய தலம். கடுவெளிச் சித்தர் மனம் நொந்து பாடியபோது பிளந்ததாகச் சொல்லப்படும் லிங்கத்தைச் செப்புத் தகட்டால் பிணைத்து, இன்றும் அதையே வழிபடுகிறார்கள். வேறு புது லிங்கம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

புதுத் தந்தி கட்டியதும் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடையுங்கள். நம் வியர்வையிலும் உப்புத்தானே இருக்கிறது! பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மூடி வையுங்கள். பரண் மட்டும் வேண்டாம்.

ஒரு சமாசாரம் பாக்கி இருக்கிறது. மற்றக் கிதார்களில் தந்தியை விரலால் அழுத்தி அழுத்தி நுனி காய்த்துப் போகும். ஸ்டீல் கிதாரில் அந்தச் சிரமம் இல்லை. மடியில் படுக்க வைத்து, உருக்குத் துண்டைத் தந்திமேல் இலேசாக வழுக்கவிட்டால் போதும். பலம் குறைந்த விரல்களுக்கும் இணங்கிவரும் வாத்தியம் இது. ஆகவே, எல்லாம் சரியான பிறகு நீங்கள் மீட்டிப் பார்க்காதீர்கள். அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, காப்பி கலக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விடுங்கள். முதல் ஸ்வரம் அவருடையதாக இருக்கட்டும்.