மதிப்பெண் வருமுன்னே ஆள் பிடிப்பு

அமெரிக்காவில் சட்டப் படிப்பு மூன்று ஆண்டுகள். இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் மாணவர்கள் பெரிய சட்ட நிறுவனங்களில் சுமார் 10 வாரம் சம்மர் அசோசியேட்டாக வேலை பார்க்கிறார்கள். முன்தீர்ப்புகளைத் தேடிக் குறிப்பு எழுதுவது, ஒப்பந்த ஆவணங்களைச் சரிபார்ப்பது, சாட்சியின் வாக்குமூலம் பதிவாகும்போது உடன் அமர்ந்து கற்பது, மாலையில் பார்ட்னர்கள் தரும் விருந்துக்குப் போவது என்று அந்த வாரங்கள் கழியும். நியூயார்க்கின் முன்னணி நிறுவனங்களில் புதிய வழக்கறிஞரின் ஆண்டுச் சம்பளம் 2,25,000 டாலர். அதே விகிதத்தில் இந்த மாணவர்களுக்கும் வாரம் 4,300 டாலருக்கு மேல் கிடைக்கிறது. கோடை முடியும்போது பெரும்பாலோருக்கு நிரந்தர வேலையும் உறுதியாகிவிடும். எனவே கோடைக்கு ஆள் எடுப்பதுதான் உண்மையில் வேலைக்கு ஆள் எடுப்பது.

அந்தத் தேர்வைத்தான் நிறுவனங்கள் முதலாண்டு வகுப்பறைக்குள் இழுத்து வந்திருக்கின்றன. முழு ஆண்டு மதிப்பெண் வந்தபின், இரண்டாம் ஆண்டு தொடங்கும் ஆகஸ்டில் வளாக நேர்காணல் நடப்பதே நெடுநாள் வழக்கம். இப்போதோ முதலாண்டின் இரண்டாம் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே விண்ணப்பம் வாங்கி, பல இடங்களை நிரப்பி முடித்துவிடுகிறார்கள். ஒரு நிறுவனம் முந்தினால் அடுத்ததும் முந்துகிறது.

கையில் இருப்பது டிசம்பர் தேர்வின் மதிப்பெண் மட்டும். பெரும்பாலான பாடங்களுக்குப் பருவ முடிவில் ஒரே தேர்வுதான். அதுவும் சக மாணவர்களோடு ஒப்பிட்டுத் தரப்படும் மதிப்பெண். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த பிள்ளைக்கு அந்தத் தேர்வை எப்படி எழுதுவது என்று பிடிபடவே ஒரு பருவம் ஆகிவிடும். இரண்டாம் பருவத்தில் எழுந்து நிற்பவர்கள் உண்டு. அவர்கள் எழும்போது கதவு சாத்தியிருக்கிறது. வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்கோ எங்கே, எப்போது விண்ணப்பிப்பது என்பது கல்லூரியில் சேருமுன்பே தெரிந்திருக்கும். திறமையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வீட்டுப் பின்னணிக்கு வேலை கொடுப்பது அநீதி.

வேலைக் கடிதம் கிடைத்தாலும் யோசிக்க அவகாசமில்லை. முடிவு சொல்ல 28 நாள் தரவேண்டும் என்ற நெறி முன்பு இருந்தது. 2018 டிசம்பரில், அதை வகுத்த தொழில் அமைப்பே அதைக் கைவிட்டது. அன்று தொடங்கியதுதான் இந்த ஓட்டம். அதே 2018இல் கூட்டாட்சி நீதிபதிகள் பலர் இதற்கு நேர்மாறாக முடிவெடுத்தார்கள்: தங்களிடம் சட்ட எழுத்தராகச் சேர விரும்புவோரின் விண்ணப்பத்தை இரண்டாம் ஆண்டு முடியும்வரை வாங்குவதில்லை என்று. நீதிபதிகளால் காத்திருக்க முடிகிறது. அவர்கள் முன் வாதாடும் நிறுவனங்களால் ஏன் முடியாது?

தொலைநோக்கு என்று இந்த நிறுவனங்களின் ஆள்தேர்வுக் குழுக்கள் பேசவே கூடாது. 2000இல் போட்டி போட்டுச் சம்பளத்தை 1,25,000 டாலராக உயர்த்தினார்கள்; அடுத்த ஆண்டே ஆட்குறைப்பு செய்தார்கள். 2009இல் வேலைக் கடிதத்தோடு படிப்பை முடித்தவர்களைப் பல மாதங்கள் காக்க வைத்தார்கள். சிலருக்குக் கடிதமே செல்லாது என்றார்கள். அந்தக் கோடையில் பணியாற்றியவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கே நிரந்தர வேலை கிடைத்தது. கடனில் படித்த பிள்ளைகளே அதன் விலையைக் கொடுத்தார்கள். கணக்கைத் தப்பாகப் போட்டவர்கள் அல்ல. அடுத்த ஆண்டின் தேவையைக் கணிக்கத் தவறியவர்கள், இரண்டரை ஆண்டு கழித்துப் பணியில் சேரப்போகிறவரை இன்றே அளந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

ஒப்பந்தச் சட்டமும் உரிமையியல் நடைமுறையும் படித்து முடிக்காத மாணவரிடம், வழக்காடும் பிரிவா, வணிகப் பிரிவா என்று கேட்பதில் பொருளில்லை. சட்டக் கல்லூரிகளும் நிறுவனங்களும் கூடிப் பேசி நியாயமான ஒரு காலத்தை வகுக்க வேண்டும். ஒரு பருவத் தேர்வை வைத்து ஒருவரின் தொழில் வாழ்வைத் தீர்மானிக்கும் உரிமை எந்தக் குழுவுக்கும் இல்லை.