வெட்டுக்கிளிகள் தின்ற ஆண்டுகள்



திருநீற்றுப் புதனன்று முதல் வாசகமாக நாம் கேட்பது இறைவாக்கினர் யோவேலின் அழைப்பு. உடைகளையல்ல, உள்ளத்தைக் கிழித்துக்கொண்டு ஆண்டவரிடம் திரும்பி வருமாறு அவர் கேட்கிறார். நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பும் நாம், அந்த அழைப்பு எந்த வயலிலிருந்து எழுந்தது என்பதை அதிகம் எண்ணுவதில்லை. அன்றைய வாசகம் இரண்டாம் அதிகாரத்தின் நடுவில் தொடங்குகிறது. முதல் அதிகாரத்தில் யூதா நாடே வெட்டுக்கிளிகளால் மொட்டையாகிக் கிடக்கிறது. அத்திமரத்தின் பட்டை உரிந்து, கிளைகள் வெளுத்துவிட்டன. கோவிலில் படைக்கத் தானியம் இல்லை. மேய்ச்சல் இன்றி மாடுகள் கதறுகின்றன. அந்தப் பூச்சிக்கு யோவேல் எபிரேயத்தில் நான்கு பெயர்கள் சொல்கிறார். அதைக் கண்ணால் கண்ட மக்களுக்கு ஒரு பெயர் போதவில்லை போலும்.

2019-ன் இறுதியிலும் 2020-லும் எத்தியோப்பியா, சொமாலியா, கென்யா நாடுகள் அதையே கண்டன. கென்யாவில் 70 ஆண்டுகளாக அத்தகைய படையெடுப்பு இல்லை. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கூட்டம் ஒரே நாளில் 35,000 பேரின் உணவைத் தின்றுவிடும் என்பது ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் கணக்கு.

இதற்கு யார் காரணம்? 2018-ல் மெகுனு, லுபான் என்ற இரண்டு புயல்கள் அரேபியப் பாலைவனத்தில் பெருமழை பெய்வித்தன. ஆளில்லாத அந்த மணல்வெளியில் பூச்சிகள் தலைமுறை தலைமுறையாகப் பெருகின. பிறகு ஏமனுக்குப் பரவின. அங்கே போர் நடந்துகொண்டிருந்ததால் அவற்றைக் கட்டுப்படுத்த முடியவில்லை. அங்கிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்கு வந்தன. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி 2019-ல் வழக்கத்தைவிட வெப்பமாக இருந்ததும் மழையைக் கூட்டியது. சோளம் இழந்த கென்ய விவசாயி இவற்றில் எதைச் செய்தார்?

இங்கேதான் யோவேல் நமக்கு உதவுகிறார். ஏழையை விற்றதற்காக ஆமோஸ் கண்டிக்கிறார். சிலைவழிபாட்டுக்காக ஓசேயா கண்டிக்கிறார். யோவேலோ எந்தப் பாவத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனாலும் முதியோர், பால்குடிக்கும் குழந்தைகள், மணவறையில் இருக்கும் மணமக்கள் என எல்லாரையும் கூட்டச் சொல்கிறார். குற்றவாளியைக் கண்டுபிடித்த பிறகு மனம் மாறலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. காலநிலை மாநாடுகளில் நாடுகள் ஒன்றையொன்று சுட்டிக்காட்டும்போது இது நம் நினைவுக்கு வருகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ மடலில் சூழலுக்கான மனமாற்றத்தைப் பற்றிப் பேசியதும், தனி மனிதரோடு சமூகத்தின் மனமாற்றத்தையும் சேர்த்துத்தான்.

மீட்பின் வாக்குறுதியிலும் ஒரு வியப்பு உண்டு. அஞ்ச வேண்டாம் என்ற ஆறுதலை யோவேல் முதலில் சொல்வது மண்ணுக்கு. அடுத்து விலங்குகளுக்கு. பிறகே சீயோனின் மக்களுக்கு. வெட்டுக்கிளிகள் தின்ற ஆண்டுகளுக்கு ஈடு தருவதாகவும், முன்மாரியும் பின்மாரியும் பெய்யும் என்றும் ஆண்டவர் வாக்களிக்கிறார்.

கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள் உண்டு. 2020-ன் இறுதியிலிருந்து அவை தொடர்ந்து ஐந்து முறை பொய்த்தன. வெட்டுக்கிளிகள் குறைந்ததற்கு மருந்து தெளித்தவர்களின் உழைப்போடு அந்த வறட்சியும் ஒரு காரணம். 2023-ல் மழை திரும்பியது. அவ்வாண்டின் இறுதியில் வெள்ளமாக வந்தது. இடையில் மாண்டுபோன ஆடுமாடுகளுக்கு ஈடாக அந்த மேய்ப்பர்கள் இன்னும் மந்தையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.