விரல் தேய எண்ணியவள்

பெங்களூர் அல்சூர் ஏரிக்கு அருகே உள்ள திருவள்ளுவர் சிலைக்குக் காத்திருப்பு பழகிப்போன விஷயம். 1991இலேயே தயாராகிவிட்ட சிலை, எதிர்ப்பு கிளம்பியதால் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று, பலத்த போலீஸ் காவலுக்கு நடுவே, அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். கர்நாடக முதல்வராக இருந்த எடியூரப்பாவும் உடனிருந்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை. கணக்கு நேராயிற்று.

விழா மேடைகளில் வள்ளுவர் என்றால் அறமும் பொருளும்தான். காத்திருப்பைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் காமத்துப்பாலில் இருக்கிறது. 'அவர்வயின் விதும்பல்' அதிகாரத்துத் தலைவி, அவன் போன நாட்களைத் தொட்டுத் தொட்டு எண்ணியே விரல் தேய்ந்துவிட்டவள். அவை சுவரில் இழைத்த கோடுகள் என்கிறார் பரிமேலழகர். 'பொழுதுகண்டிரங்கல்' அதிகாரம் முழுக்க மாலை நேரத்தோடு தீராத வழக்கு. காலைக்கு அப்படி என்ன நல்லது செய்துவிட்டோம், இந்த மாலைக்கு என்ன கெடுதல் செய்தோம் என்று நியாயம் கேட்கிறாள்.

மறுமலர்ச்சிக்கால ஐரோப்பியக் காதல் கவிதைகளிலும் காலம்தான் வில்லன். ஆனால் குற்றச்சாட்டு வேறு. 16ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் ரோன்சார் வாடும் ரோஜாவைக் காட்டிக் காதலியை அவசரப்படுத்துகிறார். 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகளில் முதல் பதினேழு, அழகு அழியுமுன் பிள்ளை பெற்றுக்கொள் என்று ஓர் இளைஞனுக்குச் சொல்லும் புத்திமதி. 1681இல், ஆள் இறந்த பிறகு வெளிவந்த ஆண்ட்ரூ மார்வெலின் புகழ்பெற்ற கவிதை, கூச்சப்படும் காதலியிடம் வைக்கும் வக்கீல் வாதமேதான். அழகான வாதம், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண் என்ன பதில் சொன்னாள்? கவிதையில் இல்லை.

இளமை திரும்பாது என்ற வாதம் தமிழுக்குப் புதிதல்ல. கலித்தொகையின் பாலைப் பாடல்களில் தோழி சொல்வது இதைத்தான். ஆனால் யாரிடம்? பொருள் தேடப் புறப்படும் தலைவனிடம். அங்கே 'சீக்கிரம் வா' என்று பெண்ணை அழைக்கப் பயன்பட்ட காலம், இங்கே 'போகாதே' என்று ஆணைத் தடுக்கிறது. அவன் கேட்காமல் போய்விட்டால், மிச்சமிருப்பது சுவரும் கோடுகளும்.

அதே அதிகாரத்தில் தலைவிக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. இத்தனை நாள் கழித்து அவன் வந்து நின்றால் என்ன செய்வது? ஊடுவதா, தழுவிக்கொள்வதா, இல்லை, இரண்டையும் சேர்த்தே செய்வதா? அவளுக்கே தெரியவில்லை.