ஆமைக்குட்டிக்குப் பாசம் மட்டும் போதாது

பதிவு கொஞ்சம் நீளம். சிலருக்குக் கோபமும் வரும். முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பத்து நாளாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தலைதான் உருள்கிறது. "ஒரு ஆமைக்குட்டிக்காக அண்ணன் மகனையே பாரஸ்ட் ஆபீஸ் வாசலில் நிறுத்திட்டாங்க" என்கிறார்கள். ஆமாம், நிறுத்தினேன். ஏன் என்று சொல்கிறேன்.

தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்த பிள்ளைகள் கரட்டுக்காட்டில் ஒரு நட்சத்திர ஆமைக்குட்டியைப் பார்த்திருக்கிறார்கள். எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். ஆசையாகச் சென்னைக்குத் தூக்கிப்போய்விட்டார்கள். ஏசி அறையில் ஷூ டப்பாவில் வாசம். சாப்பாடு பால்சோறு. சாயங்காலம் குளிப்பாட்ட ஒரு வாளித் தண்ணீர். மூன்றாவது வாரம் கண் மூடிக்கொண்டது, மூக்கில் நுரை வந்தது, தலையை வெளியே நீட்டவே இல்லை.

அப்புறம் குழுவில் வைத்தியம் ஆரம்பமானது. ஒருவர் மஞ்சள் பற்று போடச் சொன்னார். ஒருவர் துளசிச் சாறு. இன்னொருவர் தன் வீட்டு நாய்க்கு வாங்கிய பூச்சி மாத்திரையில் கால் பங்கு கொடுக்கச் சொன்னார். எல்லோரும் படித்தவர்கள். அதில் மூன்று பேர் என்னிடமே அறிவியல் படித்தவர்கள்!

கேளுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் பூச்சிக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மருந்து ஆமையின் உயிரையே எடுத்துவிடும். ஆமை பால் குடித்து வளரும் இனமல்ல. பால் அதற்குச் செரிக்காது. நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது, நீந்தத் தெரியாது. வாளியில் போட்டால் மூழ்கிச் சாகும். நம்மைப்போல உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளவும் அதனால் முடியாது. வெயிலில்தான் சூடு ஏற்றிக்கொள்ள வேண்டும். உடம்பு குளிர்ந்தால் தின்றது செரிக்காது, சளி பிடிக்கும். நெஞ்சில் சளி கட்டினால் நம்மைப்போல இருமித் துப்ப அதற்கு வழியில்லை. மூக்கில் நுரை வந்தால் நோய் முற்றுகிறது என்று பொருள். ஓடு கெட்டிப்பட நேரடி வெயிலும் சுண்ணாம்புச்சத்தும் இரண்டும் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் அதற்கு உதவாது. காட்டில் அருகம்புல்லும், இலையும், பூவும், சப்பாத்திக்கள்ளிப் பழமும் தின்று நன்றாக இருந்த உயிர் அது. நாம் தூக்கி வந்து 'பாசம்' காட்டியதால்தான் அதற்கு நோய் வந்தது.

இன்னொரு பக்கம் எங்கள் பெரியம்மா. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது, ராத்திரியே தெருவில் விட்டுவிடு என்கிறார். மருமகளோ ஆமை இருந்தால் அதிர்ஷ்டம் என்று யூடியூப்பில் பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரிந்து ஆமை புகுந்ததால் எந்த வீடும் கெட்டதில்லை. வீட்டுக்குள் வந்து மாட்டிக்கொண்ட ஆமைதான் உருப்படுவதில்லை.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தத்தின்படி, நட்சத்திர ஆமை புலியும் யானையும் இருக்கிற முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டுவரை சிறை. "குழந்தைக்குத் தெரியாமல் வந்துடுச்சு" என்ற பேச்சு அங்கே எடுபடாது. நானே கூடப் போய் ஒப்படைக்க வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் முதல் காரணம் வேறு. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1988இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள். வகுப்பில் ஒரு மண்சட்டியில் ஆமைக்குட்டி வைத்திருந்தோம். பாடத்துக்காக நான்தான் கொண்டுவரச் சொன்னேன். மதிய உணவுச் சோற்றைப் போட்டோம். ஒரு மாதத்தில் ஓடு மெத்தென்று ஆகிவிட்டது, பிறகு செத்துப்போனது. நீங்கள் அழுதீர்கள். "அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்றேன். அது பொய். பல பத்தாண்டுகள் வாழக்கூடிய உயிர் அது. எனக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள அன்றைக்கு வாத்தியார் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இப்போது சொல்கிறேன்: தப்பு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்.

அதனால்தான் இந்த முறை வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

இப்படி ஒரு குட்டி உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை ஈரமில்லாத, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். தட்டையான தட்டில், தாடை மூழ்காத அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து நிமிடம், பக்கத்திலேயே இருந்து, நிற்கவிடுங்கள், தானே குடிக்கும். வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். நோயோடு நீங்களே காட்டில் கொண்டுபோய் விடவும் வேண்டாம். அங்கிருக்கும் ஆமைகளுக்கும் அது தொற்றலாம். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆமையிடமிருந்து குழந்தைகளுக்கு சால்மோனெல்லா கிருமி பரவும். அந்தப் பயத்தில்தான் அமெரிக்காவில் 1975இலேயே நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குட்டிகளை விற்கத் தடை போட்டார்கள்.

ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது காரில் பேரன் கேட்டான்: "பாட்டி, நான்தான் அதுக்கு உடம்பு சரியில்லாம பண்ணிட்டேனா?" அவன் ஒன்பது வயசுப் பிள்ளை. "உனக்குத் தெரியாதுடா கண்ணு. பெரியவங்க நாங்க விசாரிச்சிருக்கணும்" என்றேன். மனசறிந்து இந்த முறை ஒரு குழந்தையிடம் பொய் சொல்லவில்லை.

குட்டி பிழைக்குமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. நேற்று போனில் கேட்டேன். ஒரு கண்ணைத் திறந்திருக்கிறதாம்.

இனி திட்டுகிறவர்கள் திட்டலாம். கமென்ட் திறந்தேதான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்